பசிக்கும் முன்பே கேட்கும் செயலி

அமெரிக்காவின் ஹ்யூமானா என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில், ஊழியர்கள் மதிய உணவை இணையம் வழியாகச் சொல்லிவைத்து, நேரம் வந்ததும் கேன்டீனில் வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தது. எரிக் வான்எப்ஸ், ஜூலி டவுன்ஸ், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அந்த ஆர்டர்களை எடுத்து அலசினார்கள். கேன்டீன் ஒன்றுதான், மெனுவும் ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்பே ஆர்டர் கொடுத்தவர்கள், கடைசி நேரத்தில் கொடுத்தவர்களைவிடக் கலோரி குறைந்த உணவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2016-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது எளிமையானது: உடனே கைக்கு வரப்போகும் உணவைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரம் கூடுகிறது, சில மணி நேரம் கழித்து வரப்போகும் உணவைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் கூடுகிறது.

இதற்கு முன்பே, 1998-ல், டேனியல் ரீட், பார்பரா வான் லூவன் இருவரும் ஆம்ஸ்டர்டாம் அலுவலகங்களில் இதைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். அடுத்த வாரம் தரப்போகும் தின்பண்டம் எது வேண்டும் என்று கேட்டபோது கணிசமானவர்கள் பழம் என்றார்கள். வாரம் கழித்துப் பண்டத்தை நேரில் நீட்டி, விருப்பம் மாறியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றதும், பழம் கேட்டவர்களில் பலர் சாக்லேட்டுக்கும் சிப்ஸுக்கும் தாவிவிட்டார்கள்.

ஆரோக்கியமான உணவை வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பும் செயலி ஒன்றை உருவாக்க நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியவை இந்த இரண்டு ஆய்வுகள்தான். பச்சை நிறமும் இலை படம் போட்ட லோகோவும் பிறகு வரட்டும். முதலில் முடிவாக வேண்டியது, அந்தச் செயலி மனிதரிடம் எத்தனை மணிக்குப் பேசப்போகிறது என்பது. மதியம் ஒன்றேகாலுக்கு, வயிறு கிள்ளும்போது திறக்கும் திரையில் பிரியாணியும் கம்பு சாதமும் அடுத்தடுத்து நின்றால், எது ஜெயிக்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. அதே நபரிடம் முந்தைய இரவு எட்டு மணிக்கு, வயிறு நிறைந்திருக்கும்போது, ‘நாளைக்கு மதியம் என்ன?’ என்று கேட்டால் பதில் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்னிரவிலேயே ஆர்டரை முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் சமையலறைக்கும் லாபம் இருக்கிறது. நாற்பது பேருக்குக் கூட்டு என்று தெரிந்துவிட்டால் நாற்பது பேருக்கான காயைத்தான் வாங்குவார்கள். மிச்சமாகிக் குப்பைக்குப் போவது குறையும், அந்தக் காசில் நல்ல காயாகவே வாங்கலாம்.

இந்த அக்கறை நம் ஊருக்கு ஏன் வேண்டும் என்பதற்குச் சென்னையிலிருந்தே சான்று கிடைக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (ICMR-INDIAB) என்ற ஆய்வின் முடிவு 2023-ல் ‘லான்செட்’ குழும இதழில் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. வயது வந்தவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாடு முழுக்க 35.5 சதவீதம். அதே ஆய்வின் தரவுகளை வைத்து 2025-ல் வந்த இன்னொரு கட்டுரை, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொன்னது. நம் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஓரத்து ஸ்பூனாகவும் இருப்பதை எண்ணாகச் சொன்னால் இதுதான்.

அப்படியானால் இந்த ஊருக்கான செயலியில் மிக முக்கியமான பொத்தான் எது? ‘சாதம் பாதி, கூட்டு இரண்டு பங்கு’ என்பதுதான். குயினோவாவும் அவகாடோவும் தேவைப்படாத, எந்த மெஸ்ஸிலும் நடக்கக்கூடிய மாற்றம் அது. ஆனால் பல செயலிகளில் இந்த வேண்டுகோளை, கடைசித் திரையில் ‘சமையலறைக்குக் குறிப்பு’ என்ற சின்னப் பெட்டியில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. அங்கே எழுதுபவர்கள் குறைவு, அவசரத்தில் அதைப் படிக்கும் சமையலறைகள் அதைவிடக் குறைவு. உணவின் படத்துக்குக் கீழேயே இந்தத் தேர்வைக் கொண்டுவர வேண்டும். இன்னும் ஒரு படி போய், அதையே முன்கூட்டியே டிக் செய்த நிலையில் வைக்கலாம். முழுச் சாதம் வேண்டும் என்பவர் ஒரு தட்டலில் மாற்றிக்கொள்வார்.

முன்கூட்டியே போட்ட டிக்குக்கு எவ்வளவு வலிமை என்பதைச் சீனாவில் பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள். அலிபாபா குழுமத்தின் உணவு டெலிவரித் தளமான எலமாவில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் ஸ்பூன், குச்சி வகையறாவை ‘வேண்டாம்’ என்பதையே முதல் நிலையாக வைத்தார்கள். வேண்டாம் என்பவர்களுக்குப் பசுமைப் புள்ளிகளும் கொடுத்தார்கள். ஸ்பூன் வேண்டாம் என்ற ஆர்டர்களின் பங்கு 648 சதவீதம் உயர்ந்ததாக 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, உணவின் விலையைக் கூட்டவில்லை. இந்தியாவில் சொமேட்டோவும் 2021-ல் இதே மாற்றத்தைச் செய்தது. கேட்டால்தான் ஸ்பூனும் டிஷ்யூவும் வரும். ஸ்பூனுக்குப் பலித்த உத்தி சோற்றுக்கு அதே அளவில் பலிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனாலும் அப்பளமும் ஊறுகாயும் குளிர்பானமும் தானாகச் சேர்ந்து வரும் தட்டுக்கும், கேட்டால் மட்டும் வரும் தட்டுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

இனி எண்கள். ஆரோக்கிய உணவுச் செயலி என்றாலே படத்துக்குக் கீழே ‘420 கலோரி, புரதம் 22 கிராம்’ என்று வந்துவிடுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்தத் தொழிலின் நேர்மை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முறையாகச் செய்தால் வழி இதுதான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டது. 528 உணவுப் பொருட்களின் விவரம் அதில் உண்டு. நம் அரிசி, பருப்பு, கீரை, மீன் எல்லாம் இருக்கின்றன. ஒரு பதார்த்தத்துக்குப் போகும் ஒவ்வொரு பொருளையும் பச்சையாக எடை போட வேண்டும். அட்டவணையைப் பார்த்துச் சத்துகளைக் கூட்ட வேண்டும். சமைத்து முடித்ததும் மொத்த எடையைப் பார்த்து, ஒரு பங்குக்கு எவ்வளவு என்று வகுக்க வேண்டும். தவறு நுழைவது பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான். நூறு கிராம் பச்சரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது. அது வெந்து, தண்ணீரை இழுத்து, ஏறக்குறைய 270 கிராம் சோறாகிறது. ஆகவே நூறு கிராம் சோற்றில் 130 கலோரிதான். அரிசியின் கணக்கைச் சோற்றின் எடைக்குப் போட்டுவிட்டால் எண் இரண்டரை மடங்குக்கு மேல் எகிறிவிடும். பருப்பிலும் இதே பிசகு நடக்கும். அங்கே புரதம் பொய்யாக ஊதிப்போகும், வாங்குபவரும் மகிழ்ந்துபோவார்.

எண்ணெய் இன்னொரு தலைவலி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம். தாளிப்புக் கரண்டியை மாஸ்டர் கொஞ்சம் தாராளமாகச் சாய்த்தால் திரையில் போட்ட எண் அந்த நொடியே பொய்யாகிவிடுகிறது. பொரித்த பண்டம் எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதை, பொரிப்பதற்கு முன்னும் பின்னும் வாணலி எண்ணெயை எடை போட்டால்தான் ஓரளவாவது அறியலாம்.

அதனால்தான் இத்தகைய செயலியை வடிவமைப்பவர்கள் வாடிக்கையாளரின் கைப்பேசித் திரையோடு நிற்க முடியாது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் டேப்லெட் திரைதான் உண்மையில் கடினமான வேலை. ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கண்ணாடி, ஈரக் கை, ஒரே நேரத்தில் நான்கு அடுப்பு. அங்கே நிற்பவருக்குப் பத்தி பத்தியாகச் செய்முறை உதவாது. ‘இன்று 46 பங்கு, எண்ணெய் 230 மில்லி, உப்பு 70 கிராம்’ என்று பெரிய எழுத்தில், கூட்டிப் பெருக்கி முடித்த அளவாகக் காட்டினால், கண்ணளவில் ஊற்றும் பழக்கம் தானாகவே அளவுக் குவளைக்கு மாறும். பரிமாறும் கரண்டியும் அப்படித்தான். சாதத்துக்கு இந்தக் கரண்டி, கூட்டுக்கு அந்தக் கரண்டி என்று கொள்ளளவு நிர்ணயித்துவிட்டால், ‘சாதம் பாதி’ என்பதும் எல்லோருக்கும் ஒரே பாதியாக இருக்கும்.

சட்டமும் இதில் கொஞ்சம் பேசுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் கொண்டுவந்த விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்களும் ஒவ்வொரு பதார்த்தத்தின் கலோரியையும் பரிமாறும் அளவையும் மெனுவில் காட்ட வேண்டும். இந்த விவரங்களை உணவகங்களிடம் கேட்டு வாங்கித் தங்கள் தளத்தில் காட்டுவது டெலிவரிச் செயலிகளின் பொறுப்பு. அமெரிக்காவில் 20 கிளைகள் என்ற வரம்போடு 2018-லும், இங்கிலாந்தில் 250 ஊழியர்கள் என்ற வரம்போடு 2022-லும் இதுபோன்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஒரே ஒரு கிளவுட் கிச்சனோடு தொடங்கும் சின்ன நிறுவனத்தை இந்த விதி பெரும்பாலும் தொடாது. ஆனாலும் ஆரோக்கியம் என்று சொல்லி விற்பவர் இதைத் தானாகச் செய்வதுதான் முறை. கூடவே உப்பையும் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குமேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், சாம்பார், ரசம் என்று நம் மீல்ஸின் ஒவ்வொரு கிண்ணமும் உப்பைச் சுமந்து வருகிறது. மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் உள்ள நாட்டில், புரதத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு உப்பைப் பற்றிப் பேசாமலிருக்கும் திரை பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. முகேஷ் பன்சாலும் அங்கித் நகோரியும் பெங்களூருவில் தொடங்கிய கியூர்ஃபிட், ஈட்ஃபிட் என்ற பெயரில் தன் சமையலறை உணவுகளைச் சத்து விவரங்களோடு விற்றது. சொமேட்டோ 2025-ல் ‘ஹெல்தி மோட்’ என்ற வசதியைக் கொண்டுவந்து, புரதம், நார்ச்சத்து போன்றவற்றைப் பார்த்துப் பதார்த்தங்களுக்குத் தரவரிசை கொடுக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான உணவகங்களின் அடுப்படியை ஒரு தளம் நேரில் போய்ப் பார்க்க முடியாது. சொந்தச் சமையலறை உள்ள சின்னச் செயலிக்கு அது முடியும். சின்னவர்களின் பலம் அங்கேதான் இருக்கிறது.

நோயாளிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ‘சர்க்கரையைக் குணப்படுத்தும் உணவு’ என்று எழுதக் கூடாது. விளம்பரங்களுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 2018 விதிகள் நோயைத் தீர்ப்பதாகச் சொல்லி உணவை விற்பதைத் தடுக்கின்றன. சட்டம் சொல்லாத சிக்கல்களும் உண்டு. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொண்டு காத்திருப்பவருக்கு டெலிவரி நாற்பது நிமிடம் தாமதமானால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அவருக்கு ‘இன்னும் 5 நிமிடம்’ என்ற ஆறுதல் வார்த்தை பயன்படாது; வண்டி உண்மையில் எங்கே இருக்கிறது என்பதும், உணவு கையில் வந்த பிறகே ஊசி போடுங்கள் என்ற அறிவுரையும்தான் பயன்படும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குக் கீரை, இளநீர் போன்ற பொட்டாசியம் மிகுந்த ‘நல்ல’ உணவுகளையே மருத்துவர்கள் கட்டுப்படுத்துவார்கள். எல்லோருக்கும் ஒரே ஆரோக்கியம் என்று ஒரு மெனுவை நீட்டிவிட முடியாது. பதிவு செய்யும்போதே மருத்துவரின் உணவுக் கட்டுப்பாடு ஏதும் உண்டா என்று கேட்பதும், உண்டு என்றால் மனிதர் ஒருவர் தொலைபேசியில் பேசுவதும் அவசியம்.

அப்படிக் கேட்டு வாங்கும் விவரம் சாதாரணமானதல்ல. எடை, சர்க்கரை அளவு, கர்ப்பமா இல்லையா என்பதையெல்லாம் ஒரு சாப்பாட்டுச் செயலி தெரிந்துவைத்துக்கொள்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதற்காக இந்த விவரம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் இயங்கும் செயலி அந்த ஒரு பக்கத்தை மட்டும் தமிழில் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஆங்கிலத்தில் விட்டுவிடுவது பெரிய தவறு. நீரிழிவுக்காரர்களில் கணிசமானவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் தாங்களே ஆர்டர் செய்ய வேண்டும். மகனோ மகளோ வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

தமிழில் கொண்டுவருவதற்கு வடிவமைப்பிலும் உழைப்பு வேண்டும். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் அடங்கும் பொத்தான் தமிழில் பத்தெழுத்தாகும். அளந்து வைத்த கட்டத்தை விட்டு வழியும். மேலும் கீழும் கொம்பும் சுழியும் உள்ள நம் எழுத்துக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். ஆகவே தமிழ்த் திரையை முதலில் வரைந்து, ஆங்கிலத்தை அதற்குள் பொருத்துவதே நல்ல வரிசை. விரலால் தொடும் இடம் குறைந்தது 48 அலகு இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு கூகுள் தரும் வழிகாட்டல். பெரியவர்களுக்கு அதற்கு மேலேயே வைக்கலாம். நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லக் கூடாது. சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்த குறியீட்டில், அசைவத்தை முக்கோணமாக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. மாற்றியதே நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்ததால்தான். பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் கெட்டது என்று உணவுக்கு விளக்குப் போடும் செயலிகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பணம் வாங்கும் இடத்தில்தான் பல செயலிகளின் நல்லெண்ணம் தடுமாறுகிறது. மாதச் சந்தா சேர்வதற்கு ஒரே தட்டல்; விலகுவதற்கு ஆறு திரைகள். ‘இன்னும் 2 பேருக்குத்தான் இந்த விலை’ என்ற போலி அவசரம். கேட்காமலே கூடையில் ஏறும் பழச்சாறு. ‘வேண்டாம், எனக்கு ஆரோக்கியத்தில் அக்கறை இல்லை’ என்று எழுதி, மறுப்பவரைக் கூச வைக்கும் பொத்தான். இவற்றைப் போன்ற 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. உடம்பைப் பற்றிய குற்ற உணர்ச்சியை ஏற்கெனவே சுமந்துகொண்டு வருபவரிடம் இந்த வித்தையைக் காட்டுவது கொடுமை. ஊருக்குப் போகும் வாரத்தில் சந்தாவை நிறுத்திவைக்கவும், மொத்தமாக விலகவும், முகப்புத் திரையிலிருந்தே வழி இருக்க வேண்டும்.

இத்தனையையும் மென்பொருளாக எழுதிவிட்டுப் பிறகு சோதிப்பது செலவு பிடித்த வேலை. அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் முதலில் காகிதத்தில் திரைகளை வரைந்துகொள்கிறார்கள். ஒருவரை உட்காரவைத்து, ‘நாளை மதியத்துக்குச் சாதம் குறைத்து ஒரு சாப்பாடு சொல்லுங்கள்’ என்று கேட்டு, விரல் எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். அவர் தொட்ட இடத்துக்கு ஏற்ப அடுத்த காகிதத்தை வைக்கிறார்கள். இதற்கு நூறு பேர் வேண்டாம். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று டென்மார்க்கைச் சேர்ந்த பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியது இன்றும் இந்தத் துறையில் நடைமுறை விதியாக இருக்கிறது. அந்த ஐவரில் ஒருவர் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்தைப் படிக்கத் திணறுபவராகவும், ஒருவர் சமையலறையில் நிற்பவராகவும், ஒருவர் டெலிவரி வண்டி ஓட்டுபவராகவும் இருக்கட்டும்.

கடைசியாக உணவு வரும் டப்பா. செயலி முடிகிற இடம் அதுதான் என்பதால் அதன்மேல் ஒட்டும் சீட்டையும் வடிவமைப்பாளரே எழுத வேண்டும். சமைத்த நேரம், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும், வேர்க்கடலை, பால், கோதுமை போன்ற ஒவ்வாமை தரும் பொருட்கள் உண்டா, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சமைத்த நேரம் முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பும். சோறு அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்திக்குக் காரணமான நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. சீட்டில் உள்ள அந்த ஒரு நேரத்தைப் பார்த்து, மதியம் வந்த எலுமிச்சைச் சாதத்தை இரவுக்கு எடுத்துவைக்கலாமா என்று வீட்டிலுள்ளவர்கள் முடிவெடுப்பார்கள்.

சாப்பிட்டு முடித்த பிறகு ஐந்து நட்சத்திரம் கேட்பது எல்லாச் செயலிகளின் வழக்கம். அதற்குப் பதிலாக, ‘எது மிச்சமானது?’ என்று கேட்கலாம். சாதம், கூட்டு, பொரியல், தயிர் என்று நான்கு கட்டம், ஒரு தட்டல். பொரியல்தான் தினமும் மிச்சமாகிறது என்று தெரிந்தால், அளவு போதும், ருசிதான் போதவில்லை என்று சமையலறைக்குப் புரியும். மாஸ்டர் மறுநாளே தேங்காயைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம், அல்லது பீன்ஸுக்குப் பதில் கொத்தவரங்காயைப் போட்டுப் பார்க்கலாம்.